எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய காசு?

பிள்ளைக்கு நாலு வயது நடக்கும்போதே யாழ்ப்பாணத்தில் “எங்க விடப்போறியள்?” என்ற கேள்வி தொடங்கிவிடும். பதிலாக ஒரு பாடசாலையின் பெயர்தான் வரும். அந்தப் பாடசாலையில் எத்தனையாம் தரம் வரை உண்டு, உயர்தரத்தில் எந்தத் துறைகள் உண்டு, ஆசிரியரின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள், கட்டடத்துக்கு யார் செலவழிக்கிறார்கள் என்று விசாரிப்பவர்கள் குறைவு. பிள்ளையின் அடுத்த பதின்மூன்று வருடச் செலவும், கிடைக்கக்கூடிய உதவிப்பணமும் இந்த விவரங்களில்தான் தங்கியிருக்கின்றன.

அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிசனரிமாரும் சைவ, பௌத்த சபைகளும் நடத்திவந்த உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. சில பாடசாலைகள் தனியாராகவே நிற்க முடிவெடுத்தன. இன்று இங்கே காணும் பாடசாலை வகைகள் அந்தப் பிரிவிலிருந்தும், மாகாண சபைகளுக்கு வழிவிட்ட, 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் இருந்தும் பிறந்தவை.

யாருடைய பாடசாலை

அரச பாடசாலையில் இரண்டு வகை உண்டு. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி போன்ற தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் இருக்கின்றன. மற்றவை மாகாண பாடசாலைகள். அவற்றை வடமாகாணக் கல்வித் திணைக்களம் யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்ற ஐந்து வலயங்களூடாக நடத்துகிறது. பெற்றோருக்கு இதில் என்ன வித்தியாசம் என்றால், ஒரு முறைப்பாடோ மேன்முறையீடோ இடமாற்றமோ வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான். மாகாண பாடசாலை அனுமதிச் சிக்கலுக்கு கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாய வரை கடிதம் எழுதினால் அது சுற்றிச்சுற்றி வலயக் கல்வி அலுவலகத்துக்கே வந்து சேரும். அதற்குள் மாதங்கள் போய்விடும். பாடப்புத்தகம், சீருடை, அரச பரீட்சை ஆகியவற்றில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. தேசிய பாடசாலை என்ற பெயருக்காகவே பத்துக் கிலோமீற்றர் பிள்ளையை வானில் அனுப்புவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலை. பரி. யோவான் கல்லூரி, புனித பத்திரிசியார் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி ஆகியவை இவ்வகை. ஆசிரியர் சம்பளத்தையும் பாடப்புத்தகத்தையும் அரசு தருகிறது. கட்டடம், மைதானம், விடுதி, சிற்றூழியர் என்பவை நிர்வாகத்தின் பொறுப்பு. அதனால் வசதிக் கட்டணமோ பராமரிப்புப் பணமோ கேட்பதுண்டு. அனுமதிக்கு முன்பே வருடத்துக்கு எவ்வளவு, எத்தனை தவணையில், விடுதி என்றால் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். பல நிர்வாகங்களிடம் குறைந்த வருமானப் பிள்ளைகளுக்கான உள்ளகச் சலுகை நிதி இருக்கிறது. கேட்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

சர்வதேச பாடசாலை வேறு உலகம். அது கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம். இலவசப் புத்தகமோ சீருடையோ தரம் 5 உதவிப்பணமோ அங்கே கிடையாது. லண்டன் உயர்தரம் எடுத்த பிள்ளைக்கு இசட் புள்ளி (உள்ளூர் உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி) வராது. இசட் புள்ளி இல்லாமல் உள்ளூர் உயர்தர மாணவருக்கான வழியில் அரச பல்கலைக்கழக அனுமதி இல்லை. வெளிநாட்டில் படிப்பைத் தொடர உறுதியான திட்டமும் பணமும் இருக்கிற குடும்பத்துக்கு அது சரியாக இருக்கலாம். “இங்கிலிசு நல்லா வரும்” என்பதற்காக மட்டும் சேர்த்துவிட்டு, தரம் 9இல் காசு முட்டி அரச பாடசாலைக்குத் திரும்பும் பிள்ளை தமிழில் விஞ்ஞானமும் வரலாறும் புதிதாகப் படிக்கவேண்டி வரும். சாதாரண தரப் பரீட்சை வரையான அந்த இரண்டு வருடம் பிள்ளைக்குப் பெரும் பாரம்.

1ஏபி என்றால் என்ன

அதிபரின் அலுவலகச் சுவரிலோ பெயர்ப்பலகையிலோ 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானத் துறை உட்பட எல்லாத் துறைகளும் நடத்தக்கூடியது. 1சியில் கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானம் இல்லை. வகை 2 தரம் 11உடன் முடியும். வகை 3 ஆரம்பப் பாடசாலை, தரம் 5 அல்லது 8 வரை.

வகை 3, வகை 2 என்றதும் பெற்றோர் முகம் சுளிக்கத் தேவையில்லை. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலை இருந்து, வகுப்பில் பதினைந்து, இருபது பிள்ளைகள் என்றால், தரம் 1 தொடக்கம் 5 வரை அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. நெரிசலான பெரிய பாடசாலையில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் கொப்பியை ஆசிரியர் பார்க்க நேரம் கிடையாது. சின்னப் பாடசாலையில் எழுத்துப் பிழை அன்றைக்கே திருத்தப்படும். வகை உண்மையில் கனமாகும் இடம் தரம் 10, 11. விஞ்ஞானத் துறைக்குப் போக விரும்பும் பிள்ளை வகை 2 அல்லது 1சியில் படிக்கிறது என்றால், உயர்தரத்துக்கு எந்தப் பாடசாலை ஏற்கும், அங்கே சாதாரண தரத்தில் எந்தப் பெறுபேறு கேட்கிறார்கள் என்பதை தரம் 10இலேயே விசாரிக்க வேண்டும். அதிபரைச் சந்தித்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: தொழில்நுட்பத் துறை இருக்கிறதா, இருந்தால் பொறியியல் தொழில்நுட்பமா, உயிரியல் முறைமைத் தொழில்நுட்பமா? பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் தாங்களே பரிசோதனை செய்கிறார்களா? 1ஏபி என்ற எழுத்து இருந்தும் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலை உண்டு. அங்கே படிக்கும் பிள்ளை முழுப் பாடத்தையும் ரியூசனில்தான் முடிக்கிறது. இலவசக் கல்வியின் பேரில் குடும்பத்திடம் காசு போவது அங்கேதான்.

தரம் 1: உறுதியும் இடாப்பும்

ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும். முந்திய வருட நடுப்பகுதியில் சுற்றறிக்கையும் விண்ணப்ப மாதிரியும் வரும். பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். வழக்கமான பங்கீடு: அண்மையில் வசிப்போர் 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகள் 25, ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரர் 15, கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகள் 5, இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகள் 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் 1.

வசிப்போர் பிரிவில் இங்கே பலர் இடறுவது ஓர் இடத்தில். வீடு தாயின் சீதனம், உறுதி அவர் பெயரில் இருக்கிறது. தேர்தல் இடாப்பிலோ தந்தையின் பெயர் இன்னமும் அவருடைய பெற்றோர் வீட்டு முகவரியில் கிடக்கிறது. புள்ளி கணிப்பது ஐந்து வருட இடாப்பைப் பார்த்து. பிள்ளை பிறந்த வருடத்திலேயே கிராம அலுவலரிடம் போய் இருவரின் பெயரையும் வசிக்கும் முகவரியில் பதிந்தால்தான் ஐந்து வருடம் நிரம்பும். உறுதி பிள்ளையின் பாட்டன், பாட்டி பெயரில் இருந்தால் பெற்றோர் பெயரில் இருப்பதைவிடப் புள்ளி குறைவு. வாடகை என்றால் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும். மின், நீர்ப் பட்டியலில் உள்ள பெயரும் முகவரியும் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று: உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கும் பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். நகருக்குள் நெருக்கமாகப் பாடசாலைகள் இருப்பதால் ஒன்றரைக் கிலோமீற்றரிலேயே புள்ளி கரைந்துவிடும். ஆகவே விண்ணப்பத்தில் அருகிலுள்ள பாடசாலையையும் எழுதுங்கள். தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், பட்டியலிலேயே குறித்திருக்கும் திகதிக்குள் எழுத்தில் மேன்முறையீடு செய்ய வேண்டும். வாயால் சொன்னது மேன்முறையீடு ஆகாது. அனுமதியோடு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு “நன்கொடை” கட்டாயம் என்று யாராவது சொன்னால் அது சுற்றறிக்கைக்கு முரண். விரும்பிக் கொடுப்பது வேறு, அதற்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

தரம் 5: பரீட்சைக்குள் இரண்டு விசயம்

புலமைப்பரிசில் பரீட்சை இரண்டு வேலையைச் செய்கிறது. ஒன்று, தரம் 6இல் வேறு பாடசாலைக்குப் போக வழி. மற்றது, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்த உதவிப்பணம். இரண்டும் தனித்தனி. உதவிப்பணம் கிடைத்த பிள்ளை இருக்கும் பாடசாலையிலேயே தொடரலாம். இடம்மாறினால்தான் காசு என்று நினைத்து, பத்து வயதுப் பிள்ளையை விருப்பமில்லாமல் விடுதியில் விடுவது வீண் வேதனை.

இந்த மாதாந்தத் தொகை நீண்டகாலம் சிறியதாகவே இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 750 ரூபாவிலிருந்து 1500 ரூபாவாக உயர்த்தினார்கள். ஒரு மாத ரியூசனுக்குக்கூடக் காணாது என்பது உண்மை. ஆனாலும் கொப்பி, சப்பாத்து, பஸ் பருவச்சீட்டு என்பவற்றை அது தாங்கும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கும் வேறுபடும். ஒவ்வொரு பாடசாலைக்கும் தரம் 6 அனுமதி வெட்டுப்புள்ளி தனியாக இருக்கும், அது உதவிப்பண வெட்டுப்புள்ளியைவிட உயரமாக நிற்கலாம். 70 புள்ளி எடுத்தால் “பாஸ்” என்று ஊரில் வாழ்த்துவார்கள். உதவிப்பணத்துக்கான கோடு அதற்கு வெகு மேலே இருக்கிறது. பிள்ளைக்கு இதை முன்கூட்டியே விளக்கினால் பெறுபேறு வரும் நாளில் அழுகை குறையும்.

காசு தாமதிப்பதற்கு அதிகம் காரணம் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயர், பாடசாலைப் பதிவேட்டில் முதலெழுத்தோடு ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்துக் கூட்டல் வேறு. மூன்றையும் ஒரு மேசையில் விரித்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்ற இரண்டையும் திருத்தச் சொல்லுங்கள். வங்கியில் கணக்குத் திறக்கும்போது சான்றிதழின் பிரதியைக் காட்டி, அதே எழுத்தில் அச்சிடச் சொன்னால் பிறகு அலைய வேண்டாம். பணம் வராத கணக்கு நீண்டகாலம் அசையாமல் கிடந்தால் வங்கி அதைச் செயலற்றதாக ஒதுக்கிவிடும். சின்னத் தொகையாவது இடைக்கிடை போட்டுவையுங்கள்.

வருமானச் சான்று

எந்த உதவிப்பணத்துக்கும் அடிவேர் இந்தக் கடதாசிதான். கிராம அலுவலர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற வேண்டும். அரச ஊழியருக்குச் சம்பளப் பட்டியல் போதும். கடற்றொழிலாளி, மேசன், தோட்டம் செய்பவர் ஆகியோருக்கு மாதாமாதம் ஒரே வருமானம் கிடையாது. வெங்காயமும் புகையிலையும் அறுவடையான மாதத்தை வைத்து வருட வருமானம் போட்டால் உதவிப்பணத்துக்கான வருமான வரம்பைத் தாண்டிவிடும். விதை, உரம், இறைப்பு, கூலி ஆகிய செலவைக் கழித்த வருட நிகர வருமானத்தையே கேட்கிறார்கள். செலவுச் சிட்டைகளை ஓர் உறையில் போட்டுவைத்து கிராம அலுவலரிடம் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணத்தை மறைக்க வேண்டாம். அது ஒழுங்கான வருமானமா, இடைக்கிடை வரும் உதவியா என்று விளங்கப்படுத்துங்கள். பின்னால் வங்கிக் கூற்று கேட்டு முரண்பட்டால் கிடைத்த உதவியும் நின்றுபோகும்.

தாய் தனியாகப் பிள்ளையை வளர்க்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. கணவர் காணாமற்போனவராக இருந்து மரணச் சான்றிதழ் இல்லாவிட்டால், காணாமற்போனமைக்கான சான்றுப் பத்திரத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். தந்தையின் வருமானக் கட்டத்தை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் “பூரணமற்றது” என்று திரும்பிவிடும்.

உயர்தரமும் மாவட்டமும்

சாதாரண தரம் முடிந்ததும் ஜனாதிபதி நிதியம் கல்வி வலய அடிப்படையில் உயர்தர மாணவருக்குப் புலமைப்பரிசில் தருகிறது. முதல் தடவையிலேயே சித்தி, குறைந்த குடும்ப வருமானம் என்பன அடிப்படை. விண்ணப்பம் அதிபரூடாகப் போகிறது. வலய ரீதியாக எடுப்பதால் தீவகத்துப் பிள்ளை நகரத்துப் பிள்ளையோடு போட்டியிட வேண்டியதில்லை. அறிவித்தல் பலகையில் ஒட்டிய காகிதத்தை மாணவர் கவனிக்காமல் திகதி கடந்துபோவது வழமையாக நடக்கிறது. வகுப்பாசிரியர் ஒருவர் அதைப் பொறுப்பெடுத்தால் போதும்.

அரச பல்கலைக்கழக இடங்கள் பெரும்பாலான கற்கைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிபடும். உங்கள் மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது பரீட்சைக்கு முன்னான மூன்று வருடங்கள் எங்கே படித்தீர்கள் என்று பார்க்கிறார்கள். உயர்தரம் ஏறக்குறைய இரண்டு வருடம்தான். சாதாரண தரம் எழுதியபின் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, அல்லது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பாடசாலை மாறும் பிள்ளைக்கு இந்த மூன்று வருடம் இரண்டு மாவட்டங்களுக்குள் வெட்டுப்படும். நல்ல ரியூசன் என்று மாறுவதற்கு முன்னர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை உட்கார்ந்து வாசியுங்கள். வெட்டுப்புள்ளி வந்தபிறகு வாசித்துப் பயனில்லை.

விருப்பத் தெரிவு நிரப்பும்போது போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து வரிசை போடுவது பழைய பிழை. உண்மையில் விரும்பும் வரிசையிலேயே போடுங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கு அதே புள்ளியோடுதான் பார்ப்பார்கள், எதுவும் குறையாது. போக விருப்பமே இல்லாத கற்கையை எழுதவும் வேண்டாம். ஒரு கற்கைக்குப் பதிந்துவிட்டு அடுத்த தடவை மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று எண்ணினால் கதவு மூடியிருக்கும்.

கம்பஸ் கிடைத்தால் மகாபொல புலமைப்பரிசில். 1981ஆம் ஆண்டு 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிதியம் அது. 2025 வரவு செலவுத் திட்டம் மாதாந்தத் தொகையை 5000 ரூபாவிலிருந்து 7500ஆகவும், மகாபொல கிடைக்காதோருக்கான பல்கலைக்கழக உதவிப்பணத்தை 4000இலிருந்து 6500ஆகவும் உயர்த்தியது. திறமைக்கென ஒரு பகுதியும் வருமானத்தை வைத்து மற்றப் பகுதியும் வழங்குகிறார்கள். மகாபொலப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அத்தோடு விடாமல் பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் உதவிப்பண விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது கொடுப்பனவு கையில் வர மாதக்கணக்கில் எடுக்கும். பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போகும் பிள்ளைக்கு அறை முற்பணம், சாப்பாடு, பயணம் என்று தொடக்க நாலைந்து மாதத்துக்கான காசு வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ஊரவர் உதவ நினைத்தால் மிக அவசியமான நேரம் அதுவே.

பழைய மாணவரின் காசு

லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் பழைய மாணவர் சங்கங்கள் தரும் உதவியால் இங்கே பல பிள்ளைகள் படித்து முடித்திருக்கிறார்கள். இதை நன்றியோடுதான் சொல்கிறோம். உதவுவோருக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. உயர்தரப் பிள்ளைக்கு உதவத் தொடங்கினால் பரீட்சை முடியும் வரை கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குங்கள். எட்டாவது மாதத்தில் நின்றுபோனால் பிள்ளை ரியூசனையும் பாதியில் விட்டுவிடும். நிலையான வைப்பின் வட்டியில் நடக்கும் திட்டம் என்றால் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 2022 பிற்பகுதியில் வட்டி 20 வீதத்துக்கு மேல் இருந்தது. 8 வீதத்தில், பத்து லட்சம் ரூபாவுக்கு வருடத்துக்கு 80,000 ரூபா, 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் நிறுத்திவைப்பு வரி போனால் 72,000. மாதம் 6000, அதாவது ஒரு பிள்ளைக்கு. மூன்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தால் வைப்பின் முதற்பணத்திலேயே கைவைக்க வேண்டிவரும். பணத்தைத் தாயின் கணக்கிலோ பிள்ளையின் கணக்கிலோ நேரே போடுங்கள். மேடையில் ஏற்றி உறை கொடுத்துப் படம் பிடித்து முகநூலில் போடவேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளை அடுத்த நாள் அதே வகுப்புக்குள் போய் உட்கார வேண்டும்.

பல்கலைக்கழகம் கிடைக்காதபோது

யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி, உயர் தேசிய டிப்ளோமா நடத்தும் உயர் தொழில்நுட்ப நிறுவகம், 2016இல் திறந்த கிளிநொச்சி அறிவியல்நகர் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் ஆகியவற்றில் முழுநேரக் கற்கைக்குக் கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. தேசிய தொழிற்தகைமை 1 தொடக்கம் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். விளம்பரம் பார்த்துக் காசு கட்டும் முன்னர் அந்தக் கற்கை எத்தனையாம் மட்டம், பதிவு இலக்கம் என்ன என்று கேளுங்கள். மட்டம் சொல்லத் தடுமாறும் நிறுவனத்தில் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

தனியார் பட்டத்துக்கு அரசின் வட்டியில்லா மாணவர் கடன் 2017இலிருந்து இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற அரசு சாரா நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டுமே அது. உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி வேண்டும். வட்டியை அரசு செலுத்தும், கடனின் முதற்பணத்தை, படிப்பு முடிந்து சலுகைக் காலம் கழிய, மாணவர் தவணையாகக் கட்டுவார். பிணையாளர் யார் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடியுங்கள். கடன் கற்கைக் கட்டணத்துக்குப் போகும், கொழும்பில் அறை வாடகைக்குக் காணாது. அந்த மாதச் செலவை வேறாகக் கணக்குப் பார்த்து, முடியும் என்றால் மட்டும் கையொப்பம் வையுங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற பட்டங்களுக்கு உரிய தொழில்சார் பேரவை அங்கீகரிக்கிறதா என்பதை நிறுவனத்தின் கையேட்டில் பார்க்காமல், பேரவையின் பட்டியலிலேயே பாருங்கள்.